போகிறவரிடம் வாங்கும் சுங்கம்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு மாற்றங்களும் ஆட்சிக்குழுக்களும்

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. அமெரிக்க மேற்குக் கரையின் பேக்-12 கூட்டமைப்பில் அப்போது மிச்சமிருந்த பல்கலைக்கழகத் தலைவர்கள், ஆப்பிள் நிறுவனத்தின் ஒளிபரப்பு ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்லக் காலையில் கூடுவதாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் ஒரிகனும் வாஷிங்டனும் பிக் டென் கூட்டமைப்புக்குப் போய்விட்டன. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்குப் போயின. யுஎஸ்சி, யுசிஎல்ஏ இரண்டும் முந்தைய ஆண்டு ஜூனிலேயே பிரிவை அறிவித்துவிட்டன. கொலராடோ முந்தைய வாரம் கிளம்பியது. செப்டம்பர் 1-ஆம் தேதி ஸ்டான்ஃபர்டும் பெர்க்லியும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அட்லாண்டிக் கரையை ஒட்டிய ஏசிசி கூட்டமைப்பில் இடம் பிடித்தன. 1915-இல் போர்ட்லண்டில் தொடங்கிய பழைய கூட்டமைப்பின் வாரிசு எனப் பெருமை பேசிவந்த பேக்-12-இல் இரண்டே அணிகள் நின்றன: ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து தொழில்முறை விளையாட்டுக்குச் சற்றும் குறையாத வணிகம். அணிகள் எந்தக் கூட்டமைப்பில் இருக்கின்றனவோ அதன் ஒளிபரப்பு ஒப்பந்தத்தில்தான் அவற்றுக்குப் பங்கு கிடைக்கும். ஆகவே கூட்டமைப்பு மாறுவது என்பது அட்டவணை மாறுவது மட்டுமல்ல, வருமானமே மாறுவது. பெயர்களுக்கும் எண்ணிக்கைக்கும் இப்போது தொடர்பே இல்லை என்பது தனி வேடிக்கை: பிக் டென்னில் 18 பல்கலைக்கழகங்கள், பிக் 12-இல் 16.

இந்த மாற்றங்களைப் பற்றி ரசிகர்கள் ஓயாமல் வாதாடுகிறார்கள். போட்டிக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டும் கூட்டத்திலும், வானொலியின் தொலைபேசி அரட்டைகளிலும் விவாதம் பெரும்பாலும் இரண்டு தடங்களில் ஓடும். ஒரு தரப்பு கணக்குப்பிள்ளையின் மொழி பேசும்: எந்த நகரத்தில் எத்தனை தொலைக்காட்சி வீடுகள், எந்த அணிக்கு எவ்வளவு பார்வையாளர், ஓர் அணிக்கு ஆண்டுக்கு எத்தனை கோடி டாலர். இன்னொரு தரப்பு மரபின் பெயரால் பேசும்: பாட்டன் காலத்துப் பகை, நன்றி தெரிவிக்கும் திருநாள் வாரத்து ஆட்டம், பக்கத்து ஊர்க்காரனிடம் தோற்ற அவமானம். பண்டிதர்களின் எழுத்தும் பெரும்பாலும் இவ்விரு தடங்களையே பின்தொடர்கிறது; பணம் வென்றது, மரபு தோற்றது என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறது.

இரு தரப்பும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரே மாநிலத்தின் இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்தே இருக்குமா, பிரியுமா என்பதைத் தீர்மானிப்பதில் ரசிகர்களின் உணர்ச்சியைவிட, தொலைக்காட்சி வீடுகளின் எண்ணிக்கையைவிட, ஆட்சிக்குழுவின் அமைப்புக்கு அதிகப் பங்குண்டு. இரண்டும் ஒரே குழுவின் கீழ் இருந்து, அந்தக் குழு நேரத்தோடு விழித்துக்கொண்டால், சேர்ந்தே போகின்றன. குழு தாமதமாக விழித்தால், போகிறவரிடம் சுங்கம் மட்டும் வசூலாகிறது. இரண்டுக்கும் தனித்தனிக் குழு என்றால், மாநிலமே திரண்டு அழுதாலும் பயனில்லை.

முதலில் பணம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1984 வரை ஒளிபரப்பு என்சிஏஏ என்ற தேசிய அமைப்பின் கையில் இருந்தது; எந்த அணியும் இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் தொலைக்காட்சியில் தோன்ற முடியாது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தக் கட்டுப்பாட்டை ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானது எனத் தள்ளியது. மறுத்து எழுதிய இருவரில் ஒருவர் பைரன் வைட். கொலராடோ பல்கலைக்கழகத்துக்காக ஆடிப் புகழ்பெற்று, பின் தொழில்முறை ஆட்டத்திலும் முன்னணியில் நின்றவர் அவர். கல்லூரி விளையாட்டை வெறும் வணிகமாக அளக்கக் கூடாது என்பது அவர் நிலை. அந்த அமர்வில் களத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பெயரெடுத்தவர் மறுபக்கம் நின்றார் என்பதைக் குறித்துவைக்கத் தோன்றுகிறது. தீர்ப்புக்குப் பிறகு ஒளிபரப்பு உரிமை பல்கலைக்கழகங்களிடமும் அவற்றின் வழியே கூட்டமைப்புகளிடமும் சென்றது. 2022 ஆகஸ்டில் பிக் டென் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி நிறுவனங்களுடன் செய்த ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல்.

இனி அரிசோனா. மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே ஆட்சிக்குழு. அரிசோனா ஸ்டேட்டின் தலைவர் மைக்கேல் குரோ கடைசிவரை பேக்-12-ஐ விட்டுக்கொடுக்க மனமில்லாதவர். டூசானில் உள்ள அரிசோனா பல்கலைக்கழகமோ பிக் 12 பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. தனித்தனியாக விட்டிருந்தால் ஒன்று போய், மற்றொன்று தத்தளித்திருக்கக்கூடும். இரண்டும் ஒன்றாகவே போயின. 1899-இல் தொடங்கிய அவற்றின் ஆட்டத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. இரண்டு ஊர் ரசிகர்களும் இதற்காக எந்தப் போராட்டமும் நடத்தவில்லை, நடத்த வேண்டிய தேவையும் எழவில்லை.

கலிஃபோர்னியாவில் நிலைமை வேறு. யுசிஎல்ஏ, பெர்க்லி இரண்டும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் என்ற ஒரே நிறுவனத்தின் வளாகங்கள். மேலே ரீஜன்ட்ஸ் என்ற ஒரே ஆட்சிக்குழு. ஆனால் இத்தகைய ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் அதிகாரத்தைப் பல்கலைக்கழகத்தின் தலைமை அலுவலகம் 1991-லேயே வளாகத் தலைவர்களுக்கு ஒப்படைத்துவிட்டிருந்தது. அதனால் யுசிஎல்ஏ கையெழுத்திட்ட பிறகே குழுவில் கேள்வி எழுந்தது. ஆளுநர் கேவின் நியூசம் வெளிப்படையாகவே கண்டித்தார். யுசிஎல்ஏ-யின் பழைய கூடைப்பந்து நாயகன் பில் வால்டனும் எதிர்த்தார். பேக்-12-ஐப் புகழ்ந்து பேசியே தொலைக்காட்சி வர்ணனையில் தனி இடம் பிடித்தவர் அவர். ஆறு மாதம் இழுத்து, 2022 டிசம்பர் 14 அன்று குழு ஒப்புதல் தந்தது. நிபந்தனை ஒன்று உண்டு: பெர்க்லிக்கு ஏற்படும் நஷ்டத்தை ஈடுகட்ட யுசிஎல்ஏ ஆண்டுக்கு 20 லட்சம் முதல் 1 கோடி டாலர் வரை கொடுக்க வேண்டும். 2024 மே மாதம் தொகை உச்ச வரம்பான 1 கோடியிலேயே நிலைத்தது. ரசிகர்கள் இதை விவாகரத்து ஜீவனாம்சம் என்று கேலி செய்தார்கள். கேலி என்றாலும் கணக்கு சரிதான்: உறவு முறிந்தது, செலவுக்கு மட்டும் வழி பிறந்தது.

ஒரிகன் மாநிலத்தில் சுங்கச்சாவடிகூட இல்லை. நெடுங்காலம் ஒரே மாநில உயர்கல்விக் குழுவின் கீழ் இருந்த அதன் பெரிய பல்கலைக்கழகங்கள், 2013-இல் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி மறு ஆண்டு முதல் தனித்தனி அறங்காவலர் குழுக்களைப் பெற்றன. அப்போது அந்தச் சீர்திருத்தம் கட்டணம், கடன்பத்திரம், கட்டடம் பற்றியதாகவே பேசப்பட்டது. கால்பந்தை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பத்தாண்டு கழித்து யூஜீனில் உள்ள குழு கூடியபோது, அறுபது எழுபது கிலோமீட்டர் தூரத்தில் கார்வாலிஸில் உள்ள ஒரிகன் ஸ்டேட்டின் கதியைப் பற்றி அக்கறைப்படும் கடமை அதற்கு இல்லை. வாஷிங்டன் மாநிலத்திலும் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இரண்டு ரீஜன்ட்ஸ் குழுக்கள். ஓக்லஹோமாவிலும் அதே கதை.

ஓக்லஹோமாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அம்மாநிலத்தின் இரு பெரிய அணிகளும் முதன்முதலில் மோதியது 1904 நவம்பரில், குத்ரி என்ற ஊரில், எலும்பை உறைய வைக்கும் குளிரில். உதைத்த பந்து எதிர்க்காற்றில் பின்னோக்கிப் பறந்து, மைதானத்தை ஒட்டிய காட்டன்வுட் ஓடையில் விழுந்தது. இரு தரப்பு ஆட்டக்காரர்களும் உறைகுளிர்த் தண்ணீரில் குதித்தார்கள். ஓக்லஹோமா ஆட்டக்காரர் ஒருவர் பந்தோடு கரையேறிப் புள்ளி சேர்த்தார். ஆட்டம் 75-0. அந்த ஓடைக் கதையைச் சொல்லியே அங்கே தலைமுறைகள் வளர்ந்தன. ஓக்லஹோமா, டெக்சஸுடன் சேர்ந்து எஸ்இசி கூட்டமைப்புக்குப் போவதாக 2021-இல் அறிவித்த பிறகு, இந்தத் தொடரின் கடைசி ஆட்டம் 2023 நவம்பர் 4 அன்று ஸ்டில்வாட்டரில் நடந்தது. விட்டுச்செல்லப்பட்ட ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 என வென்றது; ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து கொண்டாடினார்கள். மாநிலத்தில் எவரைக் கேட்டாலும் ஆட்டம் தொடர வேண்டும் என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த விருப்பத்தை இரு அணிகள் மீதும் சேர்த்துச் செலுத்தக்கூடிய ஒற்றைக் குழு அங்கே கிடையாது.

ரசிகர்களின் குரல் அரசியல் வழியாகவும் ஒலிக்கும் அல்லவா என்று கேட்கலாம். ஒலித்திருக்கிறது, ஆனால் உள்ளே நுழையக் கதவு திறக்கத்தான் அது உதவியிருக்கிறது, வெளியே போகும் கதவை அடைக்க உதவியதில்லை. 1994-இல் டெக்சஸின் பழைய சவுத்வெஸ்ட் கூட்டமைப்பு கலையத் தொடங்கியபோது, டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்-மும் புதிய பிக் 12-க்குப் போகத் தயாராயின. துணை ஆளுநர் பாப் புல்லக் டெக்சஸ் டெக்கிலும் பெய்லரிலும் படித்தவர். ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் பெய்லர் பட்டதாரி. அந்த இரண்டையும் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் மாநில நிதியில் கை வைப்பேன் என்ற தொனியில் புல்லக் பேசியதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. இரண்டும் சேர்ந்தன, ரைஸ், எஸ்எம்யூ, டிசியூ, ஹூஸ்டன் நான்கும் வெளியே நின்றன. 2003-இல் ஏசிசி விரிவடைய ஒன்பதில் ஏழு வாக்குகள் தேவைப்பட்டன. டியூக்கும் வட கரோலினாவும் எதிர்த்ததால் வர்ஜீனியாவின் வாக்குக்குத் திடீர் மவுசு. ஆளுநர் மார்க் வார்னரின் அழுத்தத்தில், வர்ஜீனியா டெக்கையும் சேர்த்தால்தான் வாக்கு என்று வர்ஜீனியா நின்றது. பட்டியலில் இருந்த சிராக்யூஸ் பத்தாண்டு காத்திருக்க நேர்ந்தது. இந்த விரிவாக்கத்தை எதிர்த்து இதே ஏசிசி மீது தொடுக்கப்பட்ட வழக்கில் வர்ஜீனியா டெக் வாதியாக இருந்தது என்பது அக்கதையின் உப்பு.

ஆனால் 2013-இல், அறுந்துபோன டெக்சஸ், ஏ அண்ட் எம் ஆட்டத்தைச் சட்டத்தின் மூலமே மீட்க டெக்சஸ் சட்டமன்றத்தில் மசோதா வந்தபோது அது தேறவில்லை. இரு அணிகளும் மீண்டும் மோதியது 2024 நவம்பர் 30 அன்றுதான். அதுவும், ஏ அண்ட் எம் ஏற்கெனவே இருந்த எஸ்இசி-க்கு டெக்சஸ் தன் லாபத்துக்காக வந்து சேர்ந்ததன் பக்கவிளைவு.

எதிர்வாதம் வலுவானது, அதை மழுப்பக் கூடாது. போனவர்கள் கெட்டுப்போகவில்லை. ஒரிகன் 2024-இல் பிக் டென்னில் ஆடிய முதல் ஆண்டிலேயே ஒஹையோ ஸ்டேட்டை 32-31 என வீழ்த்தி, தோல்வியே காணாமல் கூட்டமைப்புப் பட்டமும் வென்றது. யூஜீன் ரசிகர் எவருக்கும் பேக்-12-ஐ எண்ணித் தூக்கம் கெட்டிருக்காது. கைவிடப்பட்டவர்களின் அறச்சீற்றமும் இடம் மாறினால் நிறம் மாறுவதுதான். 2024-இல் ஒரிகன் ஸ்டேட்டுக்கும் வாஷிங்டன் ஸ்டேட்டுக்கும் ஆட எதிரணிகளைத் தந்து உதவியது மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்பு. அதே ஆண்டு செப்டம்பரில் பேக்-12 அங்கிருந்து முதலில் நான்கு அணிகளையும் பிறகு யூட்டா ஸ்டேட்டையும் இழுத்தது. அணிகளை இழுத்தால் அபராதம் என்று தானே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி மவுண்டன் வெஸ்ட் 5.5 கோடி டாலர் கேட்டபோது, அந்த அபராதமே செல்லாது என்று பேக்-12 வழக்கும் போட்டது.

இந்த வாதத்துக்கு முழுக்க அடங்காத ஊர் ஒன்று உண்டு: வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன். கோதுமை வயல்களுக்கு நடுவே, சியாட்டிலிலிருந்து சுமார் 460 கிலோமீட்டர் தள்ளி உள்ள சிற்றூர். தொலைக்காட்சிச் சந்தை என்ற கணக்கில் அதற்கு மதிப்பே கிடையாது. ஆனால் அதன் ரசிகர்கள், ஈஎஸ்பிஎன் சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு வளாகத்திலிருந்து நடத்தும் காலை நிகழ்ச்சியில், 2003 அக்டோபர் முதல் தங்கள் செந்நிறக் கொடியைப் பறக்கவிட்டு வருகிறார்கள். தங்கள் அணி அன்று ஆடுகிறதா என்பது பொருட்டல்ல. கொடி பார்சலில் ஊர் ஊராகப் போகும். அந்தந்த ஊருக்கு அருகில் வசிக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் விடியுமுன் எழுந்துபோய்க் கூட்டத்தின் பின்னால் நீளக் கம்பில் அதை உயர்த்துவார். கூட்டமைப்புகளை விலைபேசும் அதே அலைவரிசையில், விலைபோகாத அணியின் கொடி வாராவாரம் இலவசமாகத் தெரிகிறது.

இந்த ஊருக்குக் கைகொடுத்தது ஆட்சிக்குழுவல்ல, பக்கத்திலிருந்த நீதிமன்றம். புல்மன் அடங்கிய விட்மன் கவுண்டியின் தலைநகர் கோல்ஃபேக்ஸ். போகும் பத்து அணிகளுக்கும் இனிக் கூட்டமைப்பின் முடிவுகளில் வாக்கு கிடையாது என்று 2023 நவம்பரில் அங்கே நீதிபதி கேரி லிபி உத்தரவிட்டார். மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றவில்லை. விளைவாக வந்த சமரசத்தில், போகிற பத்து அணிகளும் சேர்ந்து 6.5 கோடி டாலரை விட்டுச்சென்றன. இங்கும் கிடைத்தது சுங்கமே. ஆனால் பெர்க்லி பெற்றதைவிடப் பயனுள்ள சுங்கம், ஏனெனில் அதனுடன் கூட்டமைப்பின் பெயரும் கட்டுப்பாடும் வந்தன. வாஷிங்டனுடனான ஆட்டம் இரு பல்கலைக்கழகங்களும் தனியே செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 2028 வரை தொடர ஏற்பாடாகியது. 2024 செப்டம்பரில் சியாட்டிலில் நடந்த ஆட்டத்தில் வாஷிங்டன் ஸ்டேட் 24-19 என வென்றது.

அடுத்த சுற்றுக்கான நாளும் ஓரளவு குறிக்கப்பட்டுவிட்டது. ஃப்ளோரிடா ஸ்டேட், கிளெம்சன் இரண்டும் ஏசிசி மீது தொடுத்த வழக்குகள் 2025 மார்ச்சில் சமரசமாயின. அதன்படி வெளியேறும் கட்டணம் படிப்படியாகக் குறைந்து 2030-31-இல் 7.5 கோடி டாலராகும். பிக் டென், பிக் 12 ஒப்பந்தங்கள் முடியும் காலமும் அதை ஒட்டியே வருகிறது. அப்போது எல்லாரும் கண்வைக்கப்போகும் அணிகளில் ஒன்று வட கரோலினா. சேப்பல் ஹில்லில் உள்ள அதற்கும் ராலேயில் உள்ள என்.சி. ஸ்டேட்டுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டுக்கும் மேலே ஒரே ஆட்சிக்குழு. கூட்டமைப்பு மாற விரும்பும் வளாகம் முன்கூட்டியே அறிவித்து, நிதித் திட்டத்தைக் கொடுத்து, மேலிடத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று அந்தக் குழு 2024 பிப்ரவரியில் விதி வகுத்தது. கலிஃபோர்னியாவில் கையெழுத்துக்குப் பின் எழுந்த கேள்வி இங்கே கையெழுத்துக்கு முன்பே விதியாகிவிட்டது. சேப்பல் ஹில் ரசிகர்கள் பிக் டென்னா எஸ்இசி-யா என்று வாதாடும்போது, ராலே ரசிகர்கள் படிக்க வேண்டியது அந்த விதியைத்தான்.