மூணு வோல்ட் ஞாபகம்

பழைய டிரம் மெஷினுக்குள்ள இருக்கிற பெட்டரி செத்தாலும் சத்தம் அப்படியேதான் இருக்கும். நாம போட்டு வெச்ச தாளம்தான் போயிடும். சத்தம் சர்க்கியூட்டிலோ அழியாத சிப்பிலோ இருக்கிறது. தாளம் இருக்கும் சிப்புக்கோ எப்பவும் கொஞ்சம் கரண்ட் வேணும். பிளக்கைக் கழற்றினதும் அதைக் கொடுப்பது அந்தப் பெட்டரிதான்.

வாசிப்பவர் தானே போட்ட தாளத்தைச் சேமிக்க விட்ட முதல் மெஷின்களில் ஒன்று 1978இல் வந்த ரோலண்ட் சிஆர்-78. 1980இல் வந்த டிஆர்-808க்கு ஞாபகத்துக்கென்றே பின்பக்கம் மூணு பென்டோர்ச் பெட்டரி போடணும். பிறகு வந்த பல மெஷின்களில் காசு மாதிரி வட்டமான 3 வோல்ட் பெட்டரியைப் பலகையிலேயே ஈயம் வெச்சு ஒட்டிவிட்டார்கள்.

அந்த 808ஐ வைத்துத்தான் பம்பாய் சினிமாக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களுக்கு டிஸ்கோ தாளம் போட்டார். எச்எம்வி வெளியிட்ட அந்த இசைத்தட்டை அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுபடி வந்தபோது, சிக்காகோவின் 'ஆசிட் ஹவுஸ்' இசைக்கு முன்னாலேயே இப்படியொன்றா என்று உலகமே ஆச்சரியப்பட்டது. அவர் 2015இல் காலமானார். அந்தத் தாளம் இன்றைக்கும் நம்ம காதுக்கு வருவது இசைத்தட்டில் ஏறியதால்தான்.

இப்ப நோட்டன் பிரிட்ஜ். 1965இலிருந்து இங்கே 50 மெகாவாட் விமலசுரேந்திர மின்நிலையம் இருக்கு. ஆனா சுத்தியுள்ள பல லயங்களுக்குக் கரண்ட் வந்தது ரொம்ப வருஷம் கழிச்சுத்தான். (லயம்னா நம்மகிட்ட வீடு, சங்கீதத்தில தாளத்தோட ஓட்டம். ரெண்டுக்கும் கரண்ட்தான் பிரச்சினை!)

எங்க பக்கத்து இசைக்குழு ஒன்றின் பழைய மெஷினில் பெட்டரி எச்சரிக்கை காட்டுது. உள்ளே ஒரு அண்ணன் போட்டு வெச்ச காமன் கூத்துத் தப்பு அடிகள் இருக்கு. அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்த அப்பா இப்ப இல்லை. கழற்றி மாட்டினா அஞ்சு நிமிஷ வேலைனு கடையில சொன்னாங்க. மெஷினுக்கு அது சரி. பழைய பெட்டரியைக் கழற்றும் அந்த அஞ்சு நிமிஷத்திலேயே எல்லா அடியும் அழிஞ்சிடும்.

அதனால முதலில் மிடி வயர் போட்டுத் தாளங்களைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கிறோம். சத்தத்தையும் தனியாகப் பதிகிறோம். பிறகுதான் ஈயத்தை உருக்கிப் பழசைக் கழற்றணும். அடுத்த தடவை லேசா இருக்க, ஒரு பெட்டரிக் கூடு வைக்கிறோம். கூட்டல், கழித்தல் பக்கத்தைப் பார்த்துப் போட்டு, தாளங்களைத் திருப்பி ஏற்றணும்.

இதுவரை பதினொரு அடி பதிஞ்சாச்சு. ஒவ்வொன்றுக்கும் அடிச்சவர் பெயர், தோட்டம், எந்தச் சடங்குக்குனு அண்ணன் சொல்லச் சொல்ல எழுதுறோம். மெஷின் திரையில அதெல்லாம் வெறும் எண்தான்.