மின்வேலித் துடிப்புச் சுற்று

கம்பிவேலிக்கு உயர் மின்னழுத்தத்தை விட்டுவிட்டு, ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை செலுத்தும் கருவி. நேரச் சுற்று ஒன்றும் அது இயக்கும் சுருள் ஒன்றும் இதன் உறுப்புகள். இரு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் இதன் உயிர்: தொட்டவர் கையை எடுக்கவும் மாடு பின்வாங்கவும் அந்த நேரமே இடம் தருகிறது. 240 வோல்ட் வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் மாட்டினால் தசை இறுகிக் கை பிடித்துக்கொள்ளும். பன்றிக்கு வைத்த அப்படிப்பட்ட கம்பியில் மனிதர்கள் மாண்டிருக்கிறார்கள்.

மலேசியாவில் இந்த வேலிக்கு வேலை தரும் இடங்களில் ஒன்று செம்பனைத் தோட்டம். கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்ரி ஃபோகோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கினார். பால்மரக் காடுகள் பின்னாளில் செம்பனைக்கு மாறின. செம்பனை இளங்கன்றின் குருத்தைக் காட்டுப்பன்றி குடைந்து தின்னும்; அதைத் தடுக்க மின்வேலி போடுகிறார்கள். வளர்ந்த மரங்களுக்கு அடியில் மாடுகளைப் பகுதி பகுதியாக மேய்ப்பதற்கும் மலேசியத் தோட்டங்களில் நகர்த்தும் மின்வேலி பயன்படுகிறது.

சுருளின் கதை பழையது. அயர்லாந்தின் மேநூத் கல்லூரிப் பாதிரியார் நிக்கலஸ் கால்லன் 1836இல் தூண்டல் சுருளைச் செய்தார். நியூசிலாந்தில் பில் காலகர் 1930களில் வேலிக்கு மின்துடிப்பு கொடுத்தார். அங்கேயே 1962இல் டக் பிலிப்ஸ், மின்தேக்கியில் சேர்த்த மின்னூட்டத்தை ஒரே வீச்சில் கொட்டும் முறையைக் கண்டார். புல் உரசினாலும் வேலி சோர்ந்துபோகாததற்கு இதுவே காரணம். ஹான்ஸ் கேமன்சிண்ட் 1971இல் வடிவமைத்த 555 சில்லு, நேரச் சுற்றை எவர் கைக்கும் எட்டவைத்தது.

555ஐக் கொண்டு கார் இக்னிஷன் சுருளை இயக்குவோர் வழக்கமாகத் தவறுவது ஓரிடத்தில். சுருளுக்கு மின்னோட்டம் ஏற சில மில்லிநொடிகளே போதும். அரை நொடி விட்டால் சுருள் கொதிக்கும், பேட்டரி வீணாகும். 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியுடன் 150 கிலோ ஓம், 680 ஓம் தடைகளை வைத்தால் வெளியீடு ஏறத்தாழ ஒரு நொடி உயர்ந்தும் 5 மில்லிநொடி தாழ்ந்தும் இருக்கும். தாழும் அந்தக் கணத்தில் மட்டும், சுருளுக்கு மின்னோட்டம் விடும் டிரான்சிஸ்டர் கடத்த வேண்டும். உயரழுத்தம் பிறப்பது மின்னோட்டம் அறுபடும்போதுதான்.

பன்னாட்டுத் தரம் துடிப்புக்கு 5 ஜூல், 10 மில்லிநொடி என எல்லை வைக்கிறது; இடைவெளி ஒரு நொடிக்குக் குறையக் கூடாது. வீட்டில் கட்டிய பெட்டி இதற்கு உறுதி தராது. நம் வெக்கையில் எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கி காய்ந்து 10 மைக்ரோஃபாரட் 2 ஆனால், நொடிக்கு ஐந்து அடி விழும். பெட்டியின் டக் டக் ஒலியைக் கடிகாரம் வைத்து எண்ணினால் தெரிந்துவிடும். நிமிடத்திற்கு 60ஐத் தாண்டினால் உடனே இணைப்பைத் துண்டித்து, மின்தேக்கியை மாற்ற வேண்டும்.