ஐரோப்பாவில் தனிநபர் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு

ஒரு நாடு ஓராண்டில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடின் அளவை அதன் மக்கள்தொகையால் வகுத்தால் கிடைப்பது தனிநபர் உமிழ்வு ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்றைய 27 நாடுகளில் 1990-இல் 9 டன்னைத் தாண்டியிருந்த இந்தச் சராசரி, 2023-இல் 6 டன்னுக்கும் கீழே வந்தது. ஆனால் புவி வெப்பமாதல் அரசியல் பேச்சாக மாறுவதற்கு முன்பே சில நாடுகளில் இறக்கம் தொடங்கிவிட்டது.

பிரான்சு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1973-இல் அந்நாட்டின் தனிநபர் உமிழ்வு ஏறத்தாழ 10 டன். அதே ஆண்டு அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையால் விலை பன்மடங்கு உயர்ந்தது. சொந்தமாக எண்ணெய் வளமோ போதிய நிலக்கரியோ இல்லாத நிலையில், 1974-இல் பிரதமர் பியேர் மெசுமேரின் அரசு அணுமின் நிலையங்களைப் பெருமளவில் கட்ட முடிவு செய்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அணு உலைகள் இயங்கத் தொடங்கின. 1980-களின் இறுதியில் உமிழ்வு சுமார் 7 டன்னாகக் குறைந்தது. காலநிலைக்காக அன்று யாரும் அணு உலை கட்டவில்லை. எண்ணெய்க்குப் பிறரை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதே நோக்கம்.

போலந்தில் 1989 ஆட்சி மாற்றத்தையொட்டிப் பழைய கனரகத் தொழில்கள் நலிந்ததால் உமிழ்வு சரிந்தது. மின்சாரம் நிலக்கரியையே சார்ந்திருந்ததால், 2000-க்குப் பின் இருபது ஆண்டுகள் அது 8 டன்னை ஒட்டியே நின்றது.

பிரிட்டனின் வீழ்ச்சி இன்னும் பெரிது. 1970-களின் தொடக்கத்தில் 12 டன்னை நெருங்கியிருந்த உமிழ்வு, இன்று 5 டன்னுக்கும் குறைவு. 1990-களில் மின்துறை தனியார்மயமானபின் மலிவான வடகடல் எரிவாயு நிலக்கரியின் இடத்தைப் பிடித்தது. 2013-இல் கொண்டுவரப்பட்ட கார்பன் விலை வரம்பும் கடல் காற்றாலைகளும் எஞ்சியதையும் ஒழித்தன. உலகின் முதல் பொது நிலக்கரி மின்நிலையம் 1882-இல் இலண்டனில் தொடங்கியது. நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையமான இராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது.

இக்கணக்கில் ஒரு குறை உண்டு. சீனாவில் செய்த பொருளைப் பிரிட்டன் வாங்கினாலும் அதன் புகை சீனாவின் கணக்கிலேயே சேரும். நுகர்வின்படி கணக்கிட்டால் பிரிட்டன், சுவீடன் ஆகியவற்றின் உமிழ்வு கணிசமாக உயர்கிறது. ஆயினும் அதுவும் குறைந்தே வருகிறது. லக்சம்பர்க்கில் நிலைமை வேறு. 1970-களின் தொடக்கத்தில் எஃகு உலைகளால் சுமார் 40 டன்னாக இருந்த உமிழ்வு, அவை மூடப்பட்டபின் வெகுவாகக் குறைந்தும் ஐரோப்பாவின் உயர்ந்த அளவுகளில் ஒன்றாகவே இருக்கிறது. அங்கு எரிபொருள் வரி குறைவு. அண்டை நாட்டு வண்டிகள் எல்லை தாண்டி வந்து நிரப்பிச் செல்லும் பெட்ரோலும் டீசலும் லக்சம்பர்க் மக்களின் பெயரிலேயே எழுதப்படுகின்றன.