ஒரு பெட்டி, இரண்டு எஜமானர்கள்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் வாங்கிக் கொடுத்த பெட்டிகளில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் நம்மூர்ச் சரக்கு. அடையாறை அடுத்த தரமணி டைடல் பார்க்கில் இருக்கும் சி-டாக் உருவாக்கியது. தமிழிலேயே மெனு உண்டு. அதை ஒதுக்கியது நஷ்டம் என்பது என் கட்சி. ஆனாலும் கேம் விளையாட இடம் போதவில்லை என்று அதை நீக்கத் துணிந்த பிள்ளைகள் உண்டு.

அங்கேதான் வினை. லினக்ஸ் இருந்த பகுதியை மட்டும் அழித்தால், ஹார்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் தலையை வைத்திருக்கும் ‘க்ரப்’ தன் உடம்பைத் தேடும்; காணாமல், கறுப்புத் திரையில் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று நின்றுவிடும். விண்டோஸ் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், எழுப்பத்தான் ஆளில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் நான். அம்மொழியில் பூட் ஆவதற்கு ‘அமோர்சாழ்’ என்று பெயர்; பம்பில் தண்ணீர் ஊற்றிக் கிளப்புவதற்கும் அதே சொல்தான். பம்பு சரி, ஊற்றுகிறவர் போய்விட்டார்!

விண்டோஸ் 7 டிஸ்க்கைப் போட்டு, ரிப்பேர் வழியாகக் கமாண்ட் ப்ராம்ப்டுக்குப் போய் ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்று கொடுத்தால் பழைய பூட் லோடர் திரும்பும். இதை முதலில் முடித்துக்கொண்டு, அப்புறம் லினக்ஸ் பகுதியை அழித்திருந்தால் கறுப்புத் திரையே வந்திராது.