விண்மீன்களை எண்ணிய சிறுவில்லை

தொலைகாட்டியோடு கமராவை இணைக்க விழைவோர், எந்தக் கமரா சிறந்தது என்றே முதலிற் கேட்பர். அதற்கு முன்னர்க் கேட்கவேண்டிய வினா வேறொன்றுண்டு: வானில் எதனை, எவ்வளவு பரப்பிற் படம்பிடிக்க விரும்புகின்றோம்? இவ்வினாவின் பெறுமதியை உணர்த்தும் வரலாறொன்றை இங்கு நோக்குவோம்.

1882ஆம் ஆண்டு செப்தெம்பரிலே தென்வானிற் பெரியதொரு வால்வெள்ளி தோன்றியது. ஞாயிற்றை அணுகியபோது பட்டப்பகலிலும் அது கண்ணுக்குப் புலனாயிற்று. தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்த அரச வானாய்வு நிலையத்திற்கு அப்போது தலைவராயிருந்தவர் டேவிட் கில். ஸ்கொத்லாந்திலே தந்தையாரின் கடிகாரத் தொழிலில் ஈடுபட்டு, பின்னர் வானியலுக்குத் தம்மை ஒப்புவித்தவர் அவர்.

வால்வெள்ளியைப் படம்பிடிக்கக் கில் விரும்பினார். நீண்ட குவியத்தூரமுடைய தொலைகாட்டி வானின் சிறுபகுதியையே காட்டும். நெடிய வால் அதனுள் அடங்காது. ஆகவே, அயலூரான மோபிரேயில் வாழ்ந்த அலிஸ் என்னும் படப்பிடிப்பாளரின் துணையை அவர் நாடினார். அவரிடமிருந்த வில்லையின் விட்டம் இரண்டரை அங்குலம். குவியத்தூரம் 11 அங்குலம். அக்கமராவைத் தொலைகாட்டியின்மேற் பொருத்தினர். வான்சுழற்சியைத் தொடர்ந்து செல்வது தொலைகாட்டியின் பணி; படம்பிடிப்பது கமராவின் பணி. ஈரத்தகடுகள் விரைவில் உலர்ந்துவிடுவன. அவற்றின் இடத்தைப் பிடித்த செலற்றின் உலர்தகடுகளோ நெடுநேரம் ஒளியை ஏற்கவல்லன. ஆதலின் அரைமணி முதல் இரண்டு மணிக்கு மேலும் ஒளிபடச் செய்தல் இயன்றது.

தகடுகளில் வால்வெள்ளி அழகுறப் பதிந்தது. ஆனால் கில்லின் கருத்தைக் கவர்ந்தவை, அதன் பின்னணியிலே செறிந்து தோன்றிய விண்மீன்களே. கண்ணால் ஒவ்வொன்றாக நோக்கிக் குறிக்கவேண்டியவற்றை ஒரே தகடு ஒருங்கே பதிந்துவிட்டதன்றோ!

6 அங்குல வில்லையுடைய கமராவொன்றைப் பெற்று, 1885இல் தென்வான் முழுவதையும் படம்பிடிக்கத் தொடங்கினார் கில். தகடுகளை அளக்க முன்வந்தவர், ஒல்லாந்தின் குரோனிங்கனைச் சேர்ந்த கப்டைன் என்னும் பேராசிரியர். அவருக்கு அங்கே தொலைகாட்டி இருக்கவில்லை, பொறுமை இருந்தது.

இதனிடையே, 1887இற் பாரிசில் கூடிய வானியலாளர், வானம் முழுவதற்கும் படமெடுக்கப் பெருந்திட்டம் வகுத்தனர். கில்லும் அதன் முன்னோடிகளுள் ஒருவரே. அவர்கள் தெரிந்த கருவியின் வில்லை 33 சதமமீற்றர் விட்டமுடையது. வானில் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கைத் தகட்டில் ஒரு மில்லிமீற்றராகக் காட்டுவது. நுட்பம் மிகுந்தது; ஆனால் ஒரு தகட்டிற்கு வானில் இரண்டு பாகைச் சதுரமே அடங்கும். பெரிய கருவி வந்தபின் சிறியது எதற்கு என்ற எண்ணமும் எழுந்தது. உரோயல் சங்கத்தின் உதவிப்பணம் நின்றது. கில் தளரவில்லை, தம் ஊதியத்திலிருந்தே செலவிட்டுப் பணியைத் தொடர்ந்தார்.

விளைவு யாது? 454,875 விண்மீன்களைக் கொண்ட கில், கப்டைன் இருவரின் அட்டவணை 1900இல் நிறைவெய்தியது. பாரிசுத் திட்டத்தின் வான்படமோ முற்றுப்பெறாமலே கைவிடப்பட்டது. எனினும் அத்திட்டத்தின் நுண்ணளவுகளும் வீண்போகவில்லை. நூறாண்டிற்குப் பின்னர், செயற்கைக்கோள் அளவுகளோடு அவற்றை ஒப்பிட்டு, விண்மீன்களின் இடப்பெயர்ச்சியை அறிஞர் கணித்தனர்.

ஆகவே பெரிதென்றும் சிறிதென்றும் கருவியை மதித்தல் பொருந்தாது. பரந்த வானை விரைந்து பதியக் குறுங்குவியம் வேண்டும். சிறுபகுதியை நுணுகி அளக்க நெடுங்குவியம் வேண்டும். இன்று தகட்டின் இடத்தை மின்னணு உணரி பிடித்துள்ளது. ஆயினும் தெரிவுசெய்வோன் முதலில் விடைகாண வேண்டிய வினா மாறவில்லை. நோக்கத்தைத் தெளிந்தவனுக்கு இரவல் வில்லையும் வானத்தைத் திறந்துவிடும்.