கொன்சாலோ பெர்னாண்டஸ் நடத்திய பள்ளிக்கூடம்

மதுரை மறைப்பணி என்றதும் நம் மனக்கண்முன் எழும் உருவம் ஒன்றே: காவியுடை, நெற்றியில் சந்தனம், கையில் தண்டும் கமண்டலமும். தத்துவ போதகர் என்று நாம் உரிமையோடு அழைக்கும் இராபர்ட் தே நொபிலி அடிகளார்தாம் அவர். குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாள்களில் அவருக்கென்றே பல வகுப்புகள் ஒதுக்கப்பட்டன. அவருக்கு முன்பே பதினோர் ஆண்டுகள் மதுரையில் உழைத்த குரு ஒருவர் உண்டு என்னும் செய்தியோ இரண்டு வரிகளில் முடிந்துபோயிற்று. அந்த இரண்டு வரிகளிலும் அவர் தோற்றவராகவே வந்தார். அந்நாளில் நாமும் அதனை அப்படியே எழுதி மதிப்பெண் பெற்றோம். ஐம்பதைக் கடந்த பின்னரே அம்முதியவரைச் சற்று நின்று பார்க்கத் தோன்றுகிறது.

அவர் பெயர் கொன்சாலோ பெர்னாண்டஸ். போர்த்துக்கல் நாட்டில் 1541-இல் பிறந்தார். இளமையில் படைவீரராக இருந்து, பின்னர் இயேசு சபையில் சேர்ந்து, முத்துக்குளித்துறைப் பரதவ மக்களிடையே பணியாற்றினார். 1595-ஆம் ஆண்டில், நாயக்கர் ஆட்சியின் தலைநகராய் விளங்கிய மதுரைக்கு வந்தார். வணிகத்தின் பொருட்டுக் கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவக் கிறித்தவர்களுக்குத் திருவருட்சாதனங்கள் வழங்குவது அவருடைய முதற்கடமை. அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. நோயாளருக்கு ஒரு சிறு மருத்துவமனையும், சிறுவர்க்கு ஒரு தொடக்கப் பள்ளியும் நடத்தினார். பள்ளியில் பாடம் சொல்ல, கிறித்தவர் அல்லாத ஆசிரியர் ஒருவரையே அமர்த்தினார்.

பதினோர் ஆண்டுகள் கடந்தன. மருந்து வாங்கியவர்களும், எழுத்தறிந்த பிள்ளைகளும், வணக்கம் சொல்லி விலகிச் சென்றவர்களும் இருந்தனர். மதுரை மக்களுள் திருமறையைத் தழுவியவர் என்று சுட்டிக் காட்ட ஒருவரும் இல்லை. மாட்டிறைச்சி உண்பவன், மது அருந்துபவன், தூய்மை பேணாதவன் என்பதெல்லாம் சேர்ந்த சொல்லாகப் ‘பறங்கி’ என்பது மக்கள் நாவில் வழங்கியது. பெர்னாண்டஸ் தம்மைப் பறங்கி என்று சொல்லிக்கொள்ளக் கூசியதில்லை. அச்சொல் தம் நாட்டைக் குறிப்பதாகவே அவர் எண்ணினார். கேட்பவர் செவியில் அது வேறொன்றாக ஒலித்தது.

1606 நவம்பரில் நொபிலி மதுரை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 29, பெர்னாண்டஸுக்கு 65. ஒருவர் உரோமைப் பெருங்குடியில் பிறந்து இறையியல் கற்றவர். மற்றவர் வாளைக் கீழே வைத்துவிட்டு வந்த முதியவர். இருவரும் ஒரே இல்லத்தில் தங்கினர். அடுத்து நிகழ்ந்ததுதான் நாம் பாடப் புத்தகத்தில் ஊன்றிப் படிக்கத் தவறிய செய்தி. நொபிலியின் முயற்சியால் மறையில் சேர்ந்த முதல் மனிதர் யார்? பெர்னாண்டஸ் நடத்திய பள்ளியின் ஆசிரியரே! நாள்தோறும் பல மணி நேரம், இருபது நாள்கள் இருவரும் வாதித்தனர். கடவுள், படைப்பு, ஆன்மா, மறுபிறப்பு எனக் கேள்விகள் நீண்டன. முடிவில் அவ்வாசிரியர் திருமுழுக்குப் பெற்றார். மறைமாநிலத் தலைவர் லயர்சியோவின் பெயரைத் தழுவி ஆல்பர்ட் எனப் பெயர் சூட்டப்பட்டது.

நொபிலியின் அறிவும் தமிழும் இன்றி அது நிகழ்ந்திராது, இதில் ஐயமில்லை. ஆயினும் நொபிலி அவரை எங்கே கண்டார்? யாருடைய கூரையின்கீழ் அம்மனிதர் கிறித்தவர்களோடு அஞ்சாது பழகக் கற்றிருந்தார்? சமாரியாவின் கிணற்றங்கரையில் விதைப்பையும் அறுவடையையும் பற்றி ஆண்டவர் தம் சீடரிடம் உரைத்தது ஈண்டு நம் நினைவுக்கு வருகிறது.

பிறகு வழிகள் பிரிந்தன. நொபிலி அந்தணர் வாழ்ந்த பகுதியில் தனி வீடு அமைத்தார். அந்தணச் சமையற்காரர், மரக்கறி உணவு, தனிக் கோயில். தாம் பறங்கி அல்லர் என்று அறிவித்தார். பெர்னாண்டஸின் நெஞ்சில் இது எப்படித் தைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1610-இல் அவர் மேலதிகாரிகளுக்கு முறையீடு எழுதினார்: இவருடைய கிறித்தவர்கள் நம் கிறித்தவர்களோடு சேர்வதில்லை, பூணூலும் குடுமியும் சந்தனமும் பிற சமயச் சின்னங்கள். 1616-இல் தம் கூற்றை நிலைநாட்ட, அந்தணர் ஒருவர் துணையோடு, இந்துச் சடங்குகளைப் பற்றி ஒரு பெருநூலே தொகுத்தார். வழக்குக்காக எழுதிய அந்நூல் 1973-இல் அச்சேறியது. இன்று அந்நாளைய வழக்கங்களை ஆராய்வோர் அதனை நன்றியோடு புரட்டுகின்றனர். இதை அம்முதியவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்!

லயர்சியோவும் கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் ஆண்டகையும் இளையவருக்குத் துணை நின்றனர். அவர்தம் துணிவை நாம் மதிக்கிறோம். 1619-இல் கோவாவில் கூடிய அவையில் எதிர்ப்பு வலுத்தது. 1623 சனவரி 31-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் நொபிலியின் முறைக்கு இசைவு தந்தார். அதற்குள் பெர்னாண்டஸ் மறைந்துவிட்டார். பதின்மூன்று ஆண்டுகள் திருச்சபை அறிஞர்கள் பூணூலைப் பற்றி வாதித்தனர். மேலதிகாரிகள் ஒரு காரியத்தில் தவறினர் என்பதே நம் தாழ்மையான கருத்து. யார் சொல்வது சரி என்று தீர்ப்பது மட்டும் தலைமைப் பணி ஆகாது. உழைத்துக் களைத்த கிழவரைப் பார்த்து, ‘உம் பள்ளியிலிருந்தன்றோ முதற்கனி கிடைத்தது!’ என்று சொல்வதும் அப்பணியே.

முதியவரின் முறையீட்டில் ஒரு கேள்வி மட்டும் தீர்ப்போடு மடியவில்லை. ஒரே ஆண்டவரை வழிபடுவோர் ஏன் இரு கோயில்களில் நிற்கவேண்டும்? பெர்னாண்டஸ் சாதி ஒழிப்புக்குக் கொடி பிடித்தவர் அல்லர். தம் நாட்டு வழக்கத்தைக் காக்கவே அவர் பெரிதும் முனைந்தார். ஆயினும் கேள்வி கேள்விதான். நொபிலிக்கு இசைவு தந்த அதே ஆணையில், உயர்குடிப் பிறப்பைப் பெருமையாகக் கருதுவோர் எளியோரை இகழலாகாது, கோயிலில் அவர்களை ஒதுக்கலாகாது என்று திருத்தந்தை வேண்டிக்கொண்டதை நாம் ஏனோ அதிகம் பேசுவதில்லை. 1640-இல் பல்தசார் தா கோஸ்டா அடிகளார் பண்டாரசாமியாகக் கோலம் பூண்டு ஒடுக்கப்பட்ட மக்களிடம் செல்லத் தொடங்கினார். 1693-இல் ஓரியூரில் தலை கொடுத்த தூய அருளானந்தரும் பண்டாரசாமியே. ஆயினும் கல்லறைகளிலும் திருவிழாத் தேரோட்டங்களிலும் அந்தப் பிரிவினை நம் தலைமுறை வரை நீண்டது. தலித் கிறித்தவர்பால் திருச்சபைக்குள்ளேயே பாகுபாடு உண்டு என்று இந்திய ஆயர் பேரவை 2016-இல் தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

மதுரையில் நொபிலியின் பெயர் தாங்கிய மறைப்பணி மையம் உண்டு. கருமாத்தூரில் அருளானந்தர் பெயரால் கல்லூரி உண்டு. பெர்னாண்டஸின் பெயர் தாங்கிய பலகை ஒன்றையும் நாம் கண்டதில்லை.

இதனைக் குறையாகச் சொல்ல நமக்குத் தகுதி குறைவு. முப்பதுகளில் நாம் பொறுப்பேற்ற பங்கு, மானாவாரி நிலம் சூழ்ந்த ஒரு சிற்றூர். நமக்கு முன்பிருந்த பெரியவர் கோயில் தாழ்வாரத்தில் மாலைதோறும் விளக்கேற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வந்தார். வந்தவர்களுள் பாதிக்குமேல் பிற சமயத்துப் பிள்ளைகள். மறைக்கல்விக்கு நேரம் போதவில்லை என்று காரணம் காட்டி, முதல் மாதத்திலேயே அதை நிறுத்தினோம். பங்குப் பேரவையில் ஒருவரும் மறுக்கவில்லை; அதுவே நமக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாம் ஆண்டு ஐப்பசிப் புயற்காற்றில் கோயில் ஓடுகள் பறந்தன. விடியுமுன் ஏணியோடு வந்து நின்ற பத்து இளைஞர்களுள் ஏழு பேர் நம் பங்கைச் சேராதவர்கள். ‘சாமி, நாங்கள் இந்தத் தாழ்வாரத்தில்தான் படித்தோம்’ என்றனர்.

அப்பெரியவர் பின்னர் ஒருமுறை அவ்வழியே வந்தார். வேலை எப்படி நடக்கிறது என்று விசாரித்தார். தாழ்வாரத்தில் சற்று நின்றார். விளக்குத் தொங்கிய கொக்கி அங்கேயே இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பேருந்துக்கு நேரமாயிற்று என்று புறப்பட்டார்.