மூன்றாவது துளை

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் எழுந்து, கள்ளிக்குப்பம் முதலிய சுற்றுவட்டாரச் சிற்றூர்கள் மெல்லக் குடியிருப்புகளாக மாறிய காலத்தில், பட்டறைக்கும் வீட்டுக்கும் ஒருசேர ஆட்சி செலுத்தியவை 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே. அவற்றுள் 32ஆம் விதி, ஃபேஸையும் சேர்த்துத் துண்டிக்கும் இணைச்சுவிட்சாக இருந்தாலொழிய, நியூட்ரலில் சுவிட்சோ ஃபியூஸோ வைக்கலாகாது என்றது. ஃபேஸ் என்பது மின்னழுத்தம் வரும் கம்பி, நியூட்ரல் மின்னோட்டம் திரும்பும் கம்பி. இவை இடம் மாறினால் விளக்கு அணைந்த பின்னும் ஹோல்டருக்குள் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும்.

புவி இணைப்பில், அதாவது பேச்சுவழக்கின் 'எர்த்தில்', விதிகள் இரு தரப்பையும் ஒன்றாக நடத்தவில்லை. மும்முனை மின்சாரத்தில் ஓடும் லேத்தின் மோட்டார் உடலுக்குத் தனித்தனியான இரண்டு எர்த்துகளை 61ஆம் விதி கட்டாயமாக்கியது. வீட்டுக்கோ, மின்சாரம் நுழையும் இடத்தருகே மின்வாரியம் ஒரு முனையைத் தந்தால் போதும் என்று 33ஆம் விதி நின்றுகொண்டது. அந்த முனையிலிருந்து சுவர் சாக்கெட்டின் மூன்றாவது துளை வரை பச்சைக் கம்பியை இழுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. செலவு மிச்சப்பட முதலில் விடுபட்டதும் அதுதான்.

துளையின் வடிவம் 1934ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தரம் 546இலிருந்து வந்தது. பிரிட்டன் 1947இல் ஃபியூஸ் பொருத்திய தட்டை முனைகளை வகுத்த பின்னும், இந்தியா ஐ.எஸ். 1293 வழியாக உருண்டை முனையையே வைத்துக்கொண்டது. அதில் எர்த் முனை மற்றவற்றைவிடத் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பதால், செருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விலகுகிறது. பிளக் டாப்பைத் திறந்து கம்பி மாட்டும் தேர்ந்த எலக்ட்ரீசியன், பச்சைக் கம்பியைச் சற்றுத் தளர்வாக விடுவதும் இதே கருத்தில்தான். யாராவது ஒயரை இழுத்தால் ஃபேஸ் முதலில் அறும், எர்த் கடைசிவரை தாங்கும். சுவருக்குள் சிவப்பும் கறுப்பும் பச்சையும் ஓட, பிற்காலச் சாதன ஒயர்கள் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என வந்தமையால், ஒரே வீட்டில் இரண்டு நிறமொழிகள் புழங்கலாயின.

இத்தனை கவனமும் போய் முடிவது ஒரு குழியில்: குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றி இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டிய எர்த் குழி. தொழிற்கூடங்களில் அதற்கு மூடியும் பராமரிப்பும் உண்டு. வீடுகளில் முற்றத்துக்குச் சிமென்ட் பூசும் நாளில் அது கண்மறைவாகிவிட, சுவரிலுள்ள மூன்றாவது துளை, இரண்டு முனை பிளக்குக்கு வழிவிட உள்மூடியை டெஸ்டரால் நெம்பும் இடமாக மட்டும் எஞ்சியது.